பிரேக் எண்ணெயை அறிந்துகொள்வோம்

கெடா மாநிலத் தோட்டங்களில் ஒரு காலத்தில் வாகனம் என்றால் அது சைக்கிள்தான். விடியற்காலையில் பெரட்டுக்குச் செல்லவும், சம்பள நாளில் பட்டணம் போய்வரவும் அதுவே துணை. சைக்கிளின் பிரேக் கெட்டால் கட்டையை மாற்றினோம், கம்பியை முறுக்கினோம், அவசரத்திற்குக் காலைத் தரையில் ஊன்றியும் நிறுத்தினோம். இன்று நிலைமை வேறு. பல தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. ரப்பர் எஞ்சியுள்ள இடங்களிலும் வீட்டிற்கும் வேலைக்காட்டிற்கும் இடையே தூரம் கூடிவிட்டது. ஆகவே சுங்கைப் பட்டாணி, பீடோங், பாடாங் செராய், கோல கெட்டில் வட்டாரங்களில் மோட்டார் சைக்கிள் இல்லாத தொழிலாளர் குடும்பத்தைக் காண்பது அரிது. சிறிய கார் வைத்திருப்போரும் பலர். தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன், பால் தொட்டியை இழுக்கும் டிராக்டர், ஆட்களை ஏற்றும் லோரி என்று நம் அன்றாட வாழ்வே சக்கரங்களின்மேல் ஏறிவிட்டது.

இவ்வாகனங்களை நாம் கழுவித் துடைக்கிறோம். ஆயுத பூசையன்று சந்தனமும் குங்குமமும் இட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்குகிறோம். ஆனால் அவற்றினுள்ளே இருக்கும் திரவங்களை எத்தனை பேர் திறந்து பார்க்கிறோம்? பெட்ரோல் தீர்ந்தால் வண்டி நின்றுவிடும். ஆதலால் அதனை யாரும் மறப்பதில்லை. பிரேக் எண்ணெய் கெட்டால் வண்டி நிற்காது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

பிரேக் எண்ணெய் என்று நாம் வழக்கில் சொன்னாலும், உண்மையில் அது எண்ணெயே அன்று. இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை அனைத்தும் எளிதில் விளங்கும்.

திரவம் எதற்காக?

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை எடுத்துக்கொள்வோம். அதன் வாயை விரலால் இறுக மூடிக்கொண்டு கைப்பிடியை அழுத்தினால், அது பாதி தூரம் உள்ளே போகிறது. காற்று சுருங்கி இடம் கொடுப்பதே காரணம். அதே பம்பில் தண்ணீரை நிரப்பி அழுத்திப் பார்த்தால் கைப்பிடி அசையாது. தண்ணீர் சுருங்குவதில்லை. நாம் கொடுக்கும் அழுத்தம் முழுவதையும் அது மறுமுனைக்குக் கொண்டு சேர்த்துவிடுகிறது. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்னும் இவ்வுண்மையை விளக்கியவர் பிளேய்ஸ் பாஸ்கல் என்னும் பிரெஞ்சு அறிஞர். 1623ஆம் ஆண்டில் பிறந்த அவர் 39 வயதுவரையே வாழ்ந்தார். காரில் கால் வைத்து மிதிக்கும் ஒவ்வொருவரும் அவருக்குக் கடமைப்பட்டவரே.

கால்மிதியின் மறுபுறம் சிறிய உருளை ஒன்று இருக்கிறது. அதிலிருந்து மெல்லிய குழாய்கள் நான்கு சக்கரங்களுக்கும் செல்கின்றன. ஒவ்வொரு சக்கரத்திலும் அதனினும் பெரிய உருளை இருக்கிறது. பெரிய உருளையின் பரப்பு சிறியதைப்போல் நான்கு மடங்கு என்றால், சிறிய உருளையில் 20 கிலோ எடைக்கு ஒப்பான விசையைக் கொடுக்கும்போது பெரியதில் 80 கிலோ விசை கிடைக்கும். ஆனால் இந்த இலாபம் இலவசமாக வருவதன்று. சிறிய உருளை நான்கு அங்குலம் நகர்ந்தால்தான் பெரியது ஓர் அங்குலம் நகரும். கால்மிதிக்கோ சில அங்குல இடமே உண்டு. ஆகவே குழாய்க்குள் சிறிதளவு காற்றோ நீராவியோ புகுந்துவிட்டால், நாம் மிதிக்கும் மிதி முழுவதும் அதனைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. கால்மிதி தரையைத் தொட்டுவிடும். சக்கரமோ சுழன்றுகொண்டே இருக்கும்.

மோட்டார் சைக்கிள்களில் இரண்டு வகை பிரேக் உண்டு. பழைய கப்சாய் வண்டிகளில் கம்பியாலும் இரும்புத் தண்டாலும் இயங்கும் டிரம் பிரேக் மட்டுமே இருந்தது. அவற்றில் திரவம் கிடையாது. பிற்கால வண்டிகளின் முன்சக்கரத்தில் தட்டு பிரேக் வந்தது. இது திரவத்தால் இயங்குவது. நம் கெடாவிலேயே, குருணில் உள்ள மொடெனாஸ் தொழிற்சாலையின் வண்டிகளையும் சேர்த்து, இன்று சாலையில் ஓடுபவற்றுள் பெரும்பாலானவை முன்சக்கரத்தில் தட்டு பிரேக் உடையவை. வலக்கைப் பிடியின் அருகே உள்ள சிறு பெட்டியில்தான் அதன் திரவம் இருக்கிறது. அப்பெட்டியின் பக்கவாட்டில் வட்டமான கண்ணாடிச் சாளரம் ஒன்று உண்டு. பல ஆண்டுகள் வண்டி ஓட்டியும் அது எதற்கென்று அறியாதோர் நம்மிடையே இருக்கின்றனர்.

விளக்கெண்ணெயும் ரப்பரும்

திரவ பிரேக்கின் வரலாற்றில் நம் தொழிலுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அமெரிக்கரான மால்கம் லாக்ஹீட் என்பவர் முதல் உலகப் போர்க் காலத்தில் இம்முறையை உருவாக்கினார். 1921இல் டூசன்பர்க் என்னும் விலையுயர்ந்த காரில் நான்கு சக்கரங்களுக்கும் இது பொருத்தப்பட்டது. ஆனால் லாக்ஹீட்டின் அமைப்பில் திரவம் கசியாமல் தடுக்கும் கிண்ணங்கள் தோலால் செய்யப்பட்டிருந்தன. தோல் காய்ந்து சுருங்கும், கசியும். கிரைஸ்லர் நிறுவனத்தின் பொறியாளர்கள் தோலுக்குப் பதில் ரப்பரை வைத்தனர். 1924இல் வெளிவந்த கிரைஸ்லர் காருடன் திரவ பிரேக் நம்பத்தக்க ஒன்றாயிற்று. பால்மரத்தின் பயன் சாலையைத் தொடும் டயரோடு முடிந்துவிடவில்லை. அந்த டயரை நிறுத்தும் கருவிக்குள்ளும் அது புகுந்தது.

ரப்பர்க் கிண்ணம் வந்ததும் வேறொரு கேள்வி எழுந்தது. எந்தத் திரவத்தை ஊற்றுவது? எஞ்சினுக்கு ஊற்றும் எண்ணெய் மலிவாகக் கிடைத்தது. ஆனால் அது ரப்பருக்குப் பகை. இதற்குச் சான்று தேடி நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. சைக்கிள் டியூப்புக்கு ஒட்டுப் போடும் பசையே பெட்ரோலியத்திலிருந்து எடுத்த திரவத்தில் ரப்பரைக் கரைத்துச் செய்ததுதான். காய்ந்த ரப்பர்த் துண்டு ஒன்றை மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்தால், காலையில் அது ஊதிப் பருத்துக் கொழகொழவென்று கிடக்கும். மழை அங்கி செய்த சார்ல்ஸ் மெக்கின்டோஷ் 1823இல் ரப்பரைக் கரைத்ததும் நிலக்கரித் தாரிலிருந்து வடித்த எண்ணெயில்தான்.

ரப்பரைக் கெடுக்காத திரவத்தைத் தேடியவர்களுக்குக் கைகொடுத்தது நம் பாட்டிமார் பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுத்த அதே விளக்கெண்ணெய். ஆமணக்கின் எண்ணெயோடு சாராயத்தைக் கலந்து நீண்ட காலம் பிரேக் திரவமாகப் பயன்படுத்தினர். அதன் பின்னர் கிளைக்கால் வகையைச் சேர்ந்த இரசாயனத் திரவம் வந்தது. இன்று கடைகளில் நாம் வாங்குவது பெரும்பாலும் அதுவே. கிண்ணங்களும் இப்பொழுது பெரும்பாலும் செயற்கை ரப்பரால் ஆனவை. எனினும் பெட்ரோலிய எண்ணெயைக் கண்டால் ஊதிப்போகும் குணம் அவற்றையும் விடவில்லை.

இதிலிருந்து பெறப்படும் விதி ஒன்றே. பிரேக் பெட்டியில் எஞ்சின் எண்ணெய், கியர் எண்ணெய், மண்ணெண்ணெய் இவற்றுள் எதனையும் ஒரு துளிகூட ஊற்றக்கூடாது. “எல்லாம் எண்ணெய்தானே, பட்டணம் போகும்வரை தாங்கும்” என்று எண்ணி ஊற்றினால், அன்று வண்டி நின்றாலும் நிற்கலாம். சில நாட்களில் கிண்ணங்கள் ஊதி, பிரேக் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அல்லது பிடிக்காமலே போய்விடும். பிறகு திரவத்தை மட்டும் மாற்றிப் பயனில்லை. எண்ணெய் பட்ட ரப்பர் உறுப்புகள் அனைத்தையும் மாற்ற வேண்டும். ஒரு டின் பிரேக் எண்ணெயின் விலையை மிச்சம் பிடிக்கப் போய், அதைப்போல் பல மடங்கு பட்டறையில் கொடுக்க நேரும். எண்ணெய் தொட்ட கையாலோ, எண்ணெய் ஊற்றிய புனலாலோ பிரேக் எண்ணெய் ஊற்றுவதும் தவறு.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

கிளைக்கால் திரவத்திற்கு ஒரு குறை உண்டு. மழைக்காலத்தில் திறந்து வைத்த உப்பு தானே நீர் விட்டுக்கொள்வதை வீட்டில் காண்கிறோம் அல்லவா? அதுபோல் இத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மூடியின் சிறு துவாரம் வழியாகவும், ரப்பர்க் குழாயின் சுவர் வழியாகவும்கூட ஈரம் மெல்ல மெல்ல உள்ளே செல்கிறது. நாம் வாழ்வதோ ஆண்டு முழுவதும் ஈரக்காற்று வீசும் நாடு. அதிலும் செப்டம்பர் முதல் நவம்பர் வரை கெடாவில் மழை மிகுதி. வண்டி ஓடினாலும் ஓடாமல் கொட்டகையில் கிடந்தாலும் பிரேக் எண்ணெய் நீரைக் குடித்துக்கொண்டுதான் இருக்கும்.

நீர் கலந்தால் என்ன? டின்னின்மேல் டாட் 3, டாட் 4 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்போம். இவை அமெரிக்கப் போக்குவரத்து இலாகா வகுத்த தரங்கள். உலகம் முழுவதும் இவற்றையே பின்பற்றுகின்றனர். டாட் 3 திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியசிலேதான் கொதிக்க வேண்டும். அதில் நூற்றுக்கு 3.7 பங்கு நீர் சேர்ந்துவிட்டால், 140 பாகை வரை தாங்கினால் போதும் என்று தரமே விட்டுக்கொடுக்கிறது. டாட் 4 புதிதில் 230 பாகை, நீர் சேர்ந்தபின் 155 பாகை. நூறு தேக்கரண்டித் திரவத்தில் நான்கு தேக்கரண்டி நீர்கூடச் சேராத நிலையில், தாங்கும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது.

சமதரையில் மெதுவாகப் போகும் வண்டிக்கு இது பெரிதாகத் தோன்றாது. மலைச்சரிவில் இறங்கும்போதுதான் தெரியும். குருணுக்கு அருகிலிருந்து ஜெராய் மலைக்கு ஏறும் சாலையை நம்மில் பலர் அறிவோம். மலையின் உயரம் சுமார் 1,200 மீட்டர். விடுமுறை நாளில் குடும்பத்தோடு ஏறிக் குளிர்காற்று வாங்குகிறோம். ஏறும்போது எஞ்சின் முனகுகிறது, நாம் கவலைப்படுகிறோம். இறங்கும்போது எஞ்சின் ஓய்ந்திருக்கிறது. நாமும் கவலையற்று இருக்கிறோம். உண்மையில் கவலைப்பட வேண்டியது இறங்கும்போதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆட்களோடு சேர்த்து ஒரு டன் எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது. அதனைப் பிரேக்கினால் மட்டுமே தடுத்து இறக்கினால், அங்கே பிறக்கும் வெப்பம் சுமார் 33 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். அதாவது பழைய மண்ணெண்ணெய் டின்களில் ஏறக்குறைய இரண்டு டின் தண்ணீர். அவ்வளவு வெப்பமும் நான்கு சக்கரங்களின் தட்டுகளிலும் கட்டைகளிலும் ஏறுகிறது. காற்று அதில் பெரும்பகுதியைக் கொண்டுபோனாலும், மிச்சம் பிரேக் எண்ணெயைச் சுடுகிறது. நீர் கலந்த பழைய திரவம் கொதித்து நீராவிக் குமிழ்கள் தோன்றிவிட்டால், முன்னே சொன்ன சைக்கிள் பம்பின் கதைதான். கால்மிதி பஞ்சுபோல் உள்ளே போகும்.

இதில் இன்னொரு வஞ்சகமும் இருக்கிறது. அரை மணி நேரம் வண்டியை நிறுத்தி வைத்தால் வெப்பம் தணிந்து நீராவி மறுபடியும் நீராகிவிடும். கால்மிதி பழையபடி உறுதியாக நிற்கும். பட்டறைக்குக் கொண்டுபோய்க் காட்டினால் பழுது எதுவும் கண்ணில் படாது. ஓட்டியவர் பயந்துவிட்டார் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஆகவே இறக்கத்தில் ஒரு முறை கால்மிதி இறங்கி, பின்னர் சரியானால், “திரவத்தை மாற்றி எத்தனை ஆண்டாயிற்று?” என்று நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இறக்கத்தில் செல்வோர் முன்னதாகவே சிறிய கியருக்கு மாறி, எஞ்சினையே தடையாகப் பயன்படுத்த வேண்டும். ஏறியது எந்தக் கியரோ, இறங்குவதும் அந்தக் கியர் என்பது பழைய லோரி ஓட்டுநர்களின் வழக்கு. நாமும் அதைப் பின்பற்றலாம். தானியங்கிக் கியர் உள்ள கார்களிலும் இதற்கென எல், 2 என்ற நிலைகள் அல்லது அவற்றை ஒத்த வேறு நிலைகள் உண்டு. பிரேக்கை எந்நேரமும் இலேசாக அழுத்திக்கொண்டே வருதல் கூடாது. வேகம் கூடும்போது ஓரளவு உறுதியாக அழுத்திக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிட வேண்டும். எரிபொருளை மிச்சம் பிடிப்பதாக எண்ணி எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவோரையும் பார்க்கிறோம். எஞ்சின் அணைந்தால் பல கார்களில் பிரேக்குக்கு உதவும் அமைப்பும் ஓய்ந்து, கால்மிதி கல்லாகிவிடும். ஐந்து காசு பெட்ரோலுக்கு இது தகாத வேலை.

ஒருவேளை பிரேக் பிடிக்காமல் போனால், கால்மிதியை விரைவாகப் பலமுறை மிதிக்க வேண்டும். சில வேளைகளில் அழுத்தம் திரும்பும். அதே நேரத்தில் படிப்படியாகச் சிறிய கியருக்கு வர வேண்டும். கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுக்க வேண்டும். ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். வேறு வழியில்லையெனில் பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப்பக்கத்து மண்மேட்டில் உரசி நிறுத்துவதே உயிருக்குப் பாதுகாப்பு.

பார்க்கும் முறையும் மாற்றும் காலமும்

பெரும்பாலான வாகனங்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை பிரேக் எண்ணெயை முழுவதும் மாற்ற வேண்டும் என்பதே தயாரிப்பாளர்களின் அறிவுரை. எத்தனை மைல் ஓடியது என்பது இதில் முக்கியமன்று, காலமே முக்கியம். மாதத்தில் இரண்டு நாள் மட்டும் வெளியே எடுக்கும் காருக்கும் இது பொருந்தும். மாற்றிய தேதியைச் சிறு காகிதத்தில் எழுதி மூடியின் அருகே ஒட்டிவைத்தால், நினைவை நம்ப வேண்டியதில்லை.

மாதம் ஒரு முறையேனும் பெட்டியின் அளவைப் பார்ப்பது நல்லது. காரில் அது எஞ்சின் அறையின் பின்புறம், ஓட்டுநர் பக்கமாக இருக்கும் வெள்ளை நிறச் சிறு பெட்டி. மூடியைத் திறக்காமலே வெளியிலிருந்து மேற்கோட்டையும் கீழ்க்கோட்டையும் காணலாம். மோட்டார் சைக்கிளில் முன்சக்கரத்தை நேராக்கி, வண்டியை நிமிர்த்தி, சாளரத்தைப் பார்க்க வேண்டும். புதிய திரவம் தேன் கலந்த நீர்போல் தெளிவாக இருக்கும். கோப்பிபோல் கறுத்திருந்தால் மாற்றும் காலம் கடந்துவிட்டது. தெளிவாக இருப்பதனாலேயே நீர் இல்லை என்று கொள்வதற்கும் இல்லை. நீர் கண்ணுக்குத் தெரியாது.

அளவு குறைந்திருந்தால் உடனே டின்னை எடுத்து ஊற்றிவிடுவது நம் வழக்கம். அதனை நாம் ஏற்கவில்லை. பிரேக் எண்ணெய் எரிந்து தீர்வதன்று. அது குறைவதற்கு இரண்டே காரணங்கள்தாம் உண்டு. பிரேக் கட்டை தேய்ந்து, உருளை வெளியே நகர்ந்து, அந்த இடத்தை நிரப்பத் திரவம் இறங்கியிருக்கலாம். இல்லையேல் எங்கேயோ கசிகிறது. மேலே ஊற்றி நிரப்பினால், வண்டி நமக்குச் சொல்ல வந்த செய்தியை நாமே வாய்மூடிவிடுகிறோம். சக்கரத்தின் உட்புறம் ஈரமாக இருக்கிறதா, கால்மிதியை அழுத்திப் பிடித்திருக்கும்போது அது மெல்ல இறங்குகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். முன்பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தால் காத்திருத்தல் கூடாது.

ஊற்ற வேண்டிய தரம் எதுவென்று பெட்டியின் மூடியிலேயே பொறித்திருக்கும். டாட் 3 கேட்கும் வண்டியில் டாட் 4 ஊற்றலாம். டாட் 5 என்பதும் டாட் 5.1 என்பதும் ஒன்றல்ல. முன்னது சிலிக்கன் வகை. மற்றவற்றோடு அதனைக் கலக்கவே கூடாது. கொட்டகை மூலையில் பாதி தீர்ந்து, மூடி தளர்ந்து, சென்ற தீபாவளிக்கு முன் திறந்த டின் ஒன்று பல வீடுகளில் இருக்கும். அது இதற்குள் போதுமான நீரைக் குடித்திருக்கும். அதனை ஊற்றுவது பழைய எண்ணெயை ஊற்றுவதற்குச் சமம். தேவைக்கேற்ற சிறிய டின்னாக வாங்கி, முத்திரை உடைத்த அன்றே பயன்படுத்துவது நல்லது.

மாற்றும் வேலையை ‘போமென்’ என்று நாம் அழைக்கும் பட்டறைக்காரரிடம் விடுவதே நன்று. காற்றெடுக்கும்போது ஒருவர் மிதிக்க, மற்றொருவர் சக்கரத்தருகே உள்ள சிறு திருகைத் திறந்து மூடுவார். பெட்டியில் திரவம் வற்றிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வற்றினால் காற்று புகுந்துவிடும். தெளிந்த புதுத் திரவம் ஒவ்வொரு சக்கரத்திலும் வெளிவரும்வரை செய்கிறாரா என்று பக்கத்தில் நின்று பார்ப்பதில் தவறில்லை. பெட்டியில் இருப்பதை மட்டும் உறிஞ்சிவிட்டுப் புதிதாக ஊற்றித் தருவது மாற்றுவதாகாது. திரவம் வண்ணப்பூச்சில் பட்டால் பூச்சு உரிந்துவிடும். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

பெரிய லோரிகளில் காற்றழுத்த பிரேக் இருக்கும். அதற்குத் திரவம் இல்லை. ஆனால் காற்றுத் தொட்டியில் சேரும் நீரை நாள்தோறும் வடித்துவிட வேண்டும். டிராக்டருக்கு அதன் கையேட்டில் கண்டதே விதி.

மற்றத் திரவங்கள்

‘மினியாக் ஹீத்தாம்’ என்று நாம் சொல்லும் எஞ்சின் எண்ணெயைப் பற்றி ஓரளவு எல்லாரும் அறிவர். எனினும் கப்சாய் வண்டியின் எஞ்சினில் ஒரு லிட்டருக்கும் குறைவாகவே எண்ணெய் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். அச்சிறு அளவே எஞ்சினையும் கிளட்சையும் கியரையும் காக்கிறது. காலையில் வீட்டிலிருந்து பெரட்டுக்கும், பெரட்டிலிருந்து நிரைக்கும், அங்கிருந்து பால் ஸ்டோருக்கும் சிறு சிறு தூரம் ஓடும் வண்டி நன்றாகச் சூடேறுவதே இல்லை. அதனால் எண்ணெயில் ஈரமும் பெட்ரோலும் சேர்கின்றன. நெடுஞ்சாலையில் ஓடும் வண்டியைவிட நிரையில் ஓடும் வண்டிக்கு எண்ணெயை முன்னதாகவே மாற்ற வேண்டும்.

அளவு பார்க்கும்போது வண்டியைச் சமதரையில் நிமிர்த்தி நிறுத்த வேண்டும். அளவுகோலைத் துடைத்து, பெரும்பாலான கப்சாய்களில் அதனைத் திருகாமல் துளையில் வைத்து மட்டும் எடுத்துப் பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் எண்ணெய் உள்ளதைவிடக் கூடுதலாகத் தோன்றும். காருக்கு வாங்கியதில் மிஞ்சியதை மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றுதலும் நல்லதன்று. சில கார் எண்ணெய்களில் வழுக்கும் மருந்து சேர்ந்திருப்பதால் கிளட்ச் வழுக்கும். டின்னில் ‘ஜாசோ எம்ஏ’ என்ற குறி இருந்தால் அது மோட்டார் சைக்கிளுக்கு உரியது.

எண்ணெய் கறுத்தால் பயமில்லை. அழுக்கைத் தன்னோடு சேர்த்துக்கொள்வது அதன் வேலை. வெள்ளையாக, மங்கில் வடிந்த ரப்பர்ப் பால்போல் தெரிந்தால்தான் எஞ்சினை இயக்கக்கூடாது. எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது. வெள்ளத்தைக் கடந்து வந்த மோட்டார் சைக்கிளில் இதைக் காணலாம். காரில் கண்டால் ரேடியேட்டர் நீர் எஞ்சினுக்குள் கசிகிறது என்று பொருள்படலாம்.

ரேடியேட்டருக்குக் கிணற்று நீரையும் அல்லூர் நீரையும் ஊற்றுவதைப் பார்க்கிறோம். அவற்றில் உள்ள உப்பும் மண்ணும் பானையின் அடியில் படிவதுபோல் உள்ளே படிந்து வழியை அடைக்கும். நம் நாட்டில் நீர் உறைவதில்லையே, பின் எதற்குக் குளிர்விக்கும் மருந்து என்று சிலர் கேட்பர். துரு பிடிக்காமல் காப்பதும், கொதிநிலையை உயர்த்துவதும் அதன் வேலை. எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறத்தல் கூடவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருப்பதால் நீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்த கணத்தில் பொங்கி முகத்தில் அடிக்கும்.

பேட்டரிக்கு வடிநீர் மட்டுமே. பால் உறைய வைக்க ஆசிட் ஊற்றிப் பழகிய கை, பேட்டரியிலும் ஆசிட் ஊற்றத் துணியலாம். வற்றுவது தண்ணீரேயன்றி ஆசிட் அன்று.

இத்திரவங்களை எங்கே வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். ரேடியேட்டர் மருந்து பச்சையும் சிவப்புமாகப் பழச்சாறுபோல் தோன்றும், சுவையும் இனிப்பு. ஆனால் கொடிய நஞ்சு. பிரேக் எண்ணெயும் நஞ்சே. களைக்கொல்லியைச் சோடாப் புட்டியில் ஊற்றி வைத்ததனால் நேர்ந்த துயரங்களைத் தோட்ட மக்களுக்கு நாம் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. வாங்கிய டின்னிலேயே, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாமல், அந்த டின்னையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

கழித்த எண்ணெயை அல்லூரில் ஊற்றுவோரும், வேலிக் கட்டைக்குக் கறையான் வராமலிருக்கப் பூசுவோரும் உண்டு. பழைய எஞ்சின் எண்ணெய் தோலில் அடிக்கடி படுவது கேடு; கையை மண்ணெண்ணெயால் அன்றிச் சவர்க்காரத்தால் கழுவ வேண்டும். அல்லூரில் ஊற்றியது ஆற்றில்தான் போய்ச் சேர்கிறது. மூடா ஆறு கெடாவுக்கும் பினாங்குக்கும் குடிநீர் தருவது. மெர்போக் ஆற்றின் சதுப்புக் காடுகளில் மீன்பிடித்துப் பிழைப்போர் பலர். 2005ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிகளின்படி கழித்த எண்ணெய் கட்டுப்படுத்தப்பட்ட கழிவுகளுள் ஒன்று. பட்டறைகளில் அதற்கென்று பீப்பாய் உண்டு. உரிமம் பெற்றவர்கள் வந்து எடுத்துச் செல்கின்றனர். வீட்டில் எண்ணெய் மாற்றுவோர் பழையதை மூடியுள்ள டின்னில் ஊற்றி அங்கே கொடுத்துவிடலாம். எஞ்சின் எண்ணெயையும் பிரேக் எண்ணெயையும் ஒன்றாகக் கலக்காமல், தனித்தனி டின்னில் பெயர் எழுதிக் கொண்டுபோனால் அவர்களும் தயங்காமல் வாங்கிக்கொள்வர்.